பஃபியைப் பழைய டிவி திரையின் 4:3 வடிவில் பார்க்க வழி இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. ‘பஃபி த வாம்பயர் ஸ்லேயர்’ தொடரை (1997–2003, 7 சீசன், 144 எபிசோடு) முதலிலிருந்து மறுபடி பார்க்க ஆரம்பித்திருக்கிறேன், ஆனால் கையில் இருப்பது அகலத்திரைக்காக மாற்றிய எச்டி பிரதி. ஓரத்தில் படப்பிடிப்புக் குழுவினர் எட்டிப் பார்க்கிறார்கள், சில இடங்களில் தலை வெட்டுப்படுகிறது, இரவுக் காட்சிகளின் இருட்டுச் சாயல் போய்விட்டதால் வாம்பயர்கள் பட்டப்பகல் வெளிச்சத்தில் நடமாடுவது போல இருக்கிறது. மனசே கேட்கவில்லை. 4-ஆம் சீசனில் வரும், பெரும்பகுதி பேச்சே இல்லாமல் நகரும் ‘ஹஷ்’ எபிசோடை இப்படிப் பார்க்கவே மாட்டேன். பழைய டிவிடி வைத்திருப்பவர்கள், 4-ஆம் சீசனும் 4:3-இல்தான் இருக்கிறதா, எந்த நாட்டுப் பதிப்பு என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம், பஃபியிலிருந்து கிளைத்து அதே சமயத்தில் ஓடிய ‘ஏஞ்சல்’ தொடரின் எபிசோடுகளை எந்த வரிசையில் மாற்றி மாற்றிப் பார்த்தீர்கள்?