தண்ணீர் ஊற்றினால் கலங்கும் மக்காச்சோள ஸ்பிரிட்: என்ன செய்யலாம்?

வணக்கம். புதுச்சேரி சேதராப்பட்டில், உரிமம் உள்ள ஒரு சிறிய ஆலையில் வேலை பார்க்கிறேன். மக்காச்சோள ஸ்பிரிட்டில் மூலிகை மணம் ஏற்றி முதல் சரக்கு இறக்கத் திட்டம். சோதனை வடிப்பிலேயே மாட்டிக்கொண்டேன்.

வாலையிலிருந்து (வடிக்கும் பாத்திரம்) 78 சதவீத ஆல்கஹாலாகக் கண்ணாடி போல இறங்குகிறது. 42.8-க்குக் கொண்டுவரத் தண்ணீர் ஊற்றினால், 50-க்குக் கீழே போனதும் ஜாடிக்குள் புகை போல ஒரு வெண்மை சுழல்கிறது. கடைசியில் நீராகாரம்தான்.

20 லிட்டர் செம்பு வாலை. 18 மணி நேரம் ஊறல். லிட்டருக்கு ஜூனிபர் (ஜின்னுக்கு மணம் தரும் காய்) 25 கிராம், தனியா 12, எலுமிச்சைத் தோல் 4, வெட்டிவேர் 3. இரண்டு வாரத்தில் மூன்று தடவை வடித்தாயிற்று.

போர் தண்ணீரில் உப்பு என்று ஆர்ஓ தண்ணீருக்கு மாறினேன். மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். வால்பகுதியை, அதாவது வடிப்பில் கடைசியாக இறங்குவதை, 65 சதவீதத்திலேயே வெட்டினேன். மாற்றமில்லை. குளிர வைத்து வடிகட்டினால் தெளிகிறது, ஆனால் வெட்டிவேர் வாசனையும் கூடவே போய்விடுகிறது. அதற்காகத்தானே இத்தனை பாடு! பிரிவது மூலிகை எண்ணெய் என்பது வரை புரிகிறது.

மணம் கெடாமல் தெளிய, ஜூனிபரைக் குறைப்பதா, வடித்ததில் வெறும் மக்காச்சோள ஸ்பிரிட்டைக் கலந்துவிட்டுத் தண்ணீர் சேர்ப்பதா?