புதுப்பிப்பு: ஆர்டர் ஓவியத்தைப் பிரிண்ட் போட்டு விற்கலாமா?

50% முன்பணம் கைக்கு வராமல் ஆர்டர் ஓவியத்தைத் தொடங்காதீர்கள் என்று எழுதிய இழையில், பலரும் கேட்ட கேள்வி இது. தனி ஒப்பந்தம் இல்லையென்றால் வரைந்தவர் அப்படி விற்கக் கூடாது. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி)-இன்படி, காசு கொடுத்து வரையச் சொன்னவரே பதிப்புரிமையின் (படத்தை நகலெடுத்து வெளியிடும் உரிமையின்) முதல் உரிமையாளர். வரைந்தவருக்கு இது அநியாயம்தான். ஆனால் ஒரே வரியில் தடுத்துவிடலாம். முன்பணம் வாங்குவதற்கு முன்பே கொட்டேஷனில் சேருங்கள்: “மூல ஓவியம் வாங்குபவருக்கு, பதிப்புரிமையும் பிரிண்ட் உரிமையும் ஓவியருக்கே.” கீழே இருவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். படம் கைமாறிய பிறகு கேட்டால் யாரும் எளிதில் எழுதித் தரமாட்டார்கள்.

நிறுவனத்துக்கு உரிமை எழுதிக் கொடுப்பதானால் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடுங்கள். விட்டுவிட்டால், பிரிவு 19-இன்படி 5 ஆண்டு, இந்தியா முழுவதும் என்றே கொள்ளப்படும். காலண்டருக்கு மட்டும் என்றால் “காலண்டருக்கு மட்டும்” என்றே எழுதுங்கள்.