கிராஸ்கன்ட்ரி ஹார்ட்டெயிலோடு விஸ்லர் பைக் பார்க்: எதை மாற்றணும், எதைத் தொடக்கூடாது?

பர்னபிவாசி:
வணக்கம். ஆகஸ்டில் இரண்டு நாள் விஸ்லர் பைக் பார்க் (கனடாவில் லிஃப்டில் ஏறி மலைச் சைக்கிளில் இறங்கும் இடம்), லிஃப்ட் டிக்கெட் எடுத்தாச்சு. வண்டி கிராஸ்கன்ட்ரி ஹார்ட்டெயில், அதாவது பின் சஸ்பென்ஷன் இல்லாத மலைச் சைக்கிள்: 29 இன்ச் சக்கரம், 100 மி.மீ. அமுங்கும் ஏர் ஃபோர்க் (காற்று சஸ்பென்ஷன் உள்ள முன் கவை), ஹெட் ஆங்கிள் (அந்தக் கவையின் சாய்வு) 68.5 டிகிரி, முன்னும் பின்னும் 160 மி.மீ. ரோட்டார் (பிரேக் தகடு), இரண்டு பிஸ்டன் பிரேக், 2.25 டயர் டியூபோடு, ரிம்மின் உள் அகலம் 25 மி.மீ., 80 மி.மீ. ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு). டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்கும் கம்பி) கிடையாது, சீட் டியூப் 31.6 மி.மீ. என் எடை 72 கிலோ. ஃபோர்க்கை 140 ஆக்கினால் சரியாகிவிடுமா? வேறு என்ன மாற்றணும்? எந்தப் பாதை வரைக்கும் இந்த வண்டி தாங்கும்?

டிஸ்க்தேய்மானம்:
140 வேண்டவே வேண்டாம். 100க்கென்று வரைந்த பிரேமில் 40 மி.மீ. நீண்ட ஃபோர்க்கை மாட்டினால் ஹெட் டியூபில் விழும் நெம்புவிசை கூடும், வாரண்டியும் போகும். தயாரிப்பாளர் 120 வரை அனுமதித்திருந்தால் 120 போடலாம். இல்லையென்றால் 100லேயே இருங்கள்.

உங்கள் வண்டியில் முதலில் கைவிடப்போவது பிரேக். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நீங்கள், வண்டி, கவசம் எல்லாம் சேர்த்து 90 கிலோ. கீழ் லிஃப்டில் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ 340 மீட்டர். ஒரு இறக்கத்துக்கு 300 கிலோஜூல். கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. காற்றும் டயரும் கொஞ்சம் தின்றுவிடும், மிச்சம் முழுக்க அந்த இரண்டு தகட்டில்தான் இறங்கும். ஒரு நாளில் இப்படிப் பத்து தடவை இறங்குவீர்கள்.

முன்னால் 180 மி.மீ. ரோட்டார் போடுங்கள். அதே விரல் அழுத்தத்துக்கு 12.5 சதவீதம் கூடுதல் பிடிப்பு, சூடு ஆற அதிகப் பரப்பு. கூட ஒரு 20 மி.மீ. போஸ்ட் மவுன்ட் அடாப்டர் (பிரேக் கவ்வியைத் தள்ளி வைக்கும் துண்டு) தேவை. வாங்குவதற்கு முன்னால் ஃபோர்க் 180ஐ ஏற்குமா என்று அதன் கையேட்டில் பாருங்கள். ரோட்டார் ஆறு போல்ட் ரகம் என்றால் டி25 சாவியால் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கணும். காலிப்பரின் (பேட் எனும் உரசுகட்டைகளைத் தாங்கும் கவ்வி) இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, லீவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால் பேட் நடுவில் வந்து நிற்கும்.

புது பேட், புது ரோட்டாரை அப்படியே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், முன்னுக்கு 20 தடவை, பின்னுக்கு 20 தடவை பிடித்து விடுங்கள். இதைச் செய்யாத பேட் முதல் நீண்ட இறக்கத்திலேயே கண்ணாடி மாதிரி மினுங்கிவிடும்.

இறங்கும்போது லீவர் சொல்வதைக் கவனியுங்கள். லீவர் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, கருகின வாடை வருகிறது என்றால் சூடானது பேட். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பும். லீவர் பொதபொதவென்று ஹேண்டில்பார் வரைக்கும் வந்துவிட்டால் எண்ணெயில் குமிழி. ஆறினபின் பிடித்தாலும் அதை நம்பி இறங்கக்கூடாது, பிளீட் செய்துதான் (எண்ணெயிலிருந்து குமிழியை வெளியேற்றித்தான்) ஆகணும். உங்களுடையது மினரல் ஆயிலா, டாட் எண்ணெயா என்று பார்த்து அதையே ஊற்றுங்கள். மாற்றி ஊற்றினால் உள்ளே சீல் ஊதிப்போகும்.

கொழும்புத்துறையான்:
பிறேக் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. நான் டயரும் சீற்றும் சொல்லுறன்.

2.25 டயரின்ர பக்கச்சுவர் கடதாசி மாதிரி. பாறை விளிம்பில அடிச்சால் டியூபில பக்கத்துப் பக்கத்தில ரெண்டு கீறல் விழும், பாம்பு கடிச்ச தடம் போல. அதுக்குப் பயந்து 35 பி.எஸ்.ஐ. காத்து அடிச்சால் வளைவில பிடிப்பு இல்லை. ஆகவே டியூப்லெஸ் ஆக்குங்கோ. றிம் டியூப்லெஸ்ஸுக்கு உகந்ததெண்டால் டேப், வால்வு, டயருக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்), வேற ஒண்டும் வேண்டாம். 25 மி.மீ. றிம்மில 2.4 டயர் வடிவாய் இருக்கும். முன்னுக்குத் தடிச்ச சுவரும் பெரிய ஓரக்கட்டையும் உள்ள 2.4, பின்னுக்கு பிரேமுக்கும் டயருக்கும் ரெண்டு பக்கமும் 6 மி.மீ. இடைவெளி இருந்தால் மட்டும் 2.35. இல்லாட்டி 2.25 அளவிலேயே தடிச்ச சுவர் உள்ளதாய்ப் பாருங்கோ. 72 கிலோவுக்கு முன்னுக்கு 22, பின்னுக்கு 26 பி.எஸ்.ஐ.யில தொடங்கலாம். ஹார்ட்டெயிலில பின் சக்கரம்தான் எல்லா அடியையும் வாங்கும், றிம் தட்டுற சத்தம் கேட்டால் 2 கூட்டுங்கோ.

சீற்: 31.6க்கு டிராப்பர் தாராளமாய்க் கிடைக்கும். உள்ளால கேபிள் போக பிரேமில ஓட்டை இல்லாட்டி வெளிக்கேபிள் ரகம் இருக்கு. வாங்க விருப்பம் இல்லையெண்டாலும் பிரச்சினை இல்லை, லிஃப்ட்தான் உங்களை ஏத்துது. காலையில சீற்றை முழுக்க இறக்கி இறுக்கிவிட்டால் பின்னேரம் வரை தொடத் தேவையில்லை. உயர்ந்து நிக்கிற சீற் இடுப்பைப் பின்னால தட்டும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேலால பறக்கிறது அப்படித்தான்.

ஸ்டெம்மை 50 அல்லது 60 ஆக்குங்கோ. முகப்பு போல்ட்டுகள் 5 நியூட்டன் மீட்டர் எண்டு பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும், டார்க் சாவி இல்லாமல் இறுக்க வேண்டாம்.

சாய்கோணம்:
ஹார்ட்டெயில்காரர்கள் பலர் கவனிக்காத ஒன்று. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாததால் ஃபோர்க் அமுங்கும்போது முன்பக்கம் மட்டும் தாழும். 20 மி.மீ.க்கு ஹெட் ஆங்கிள் ஏறத்தாழ ஒரு டிகிரி நிமிரும். செங்குத்தில் பிரேக் பிடித்து ஃபோர்க் 60 மி.மீ. உள்ளே போனால் உங்கள் 68.5 சுமார் 71.5 ஆகிவிடும், மிகவும் தேவையான இடத்தில். ஆகையால் சாக் (ஏறி நின்றதுமே உங்கள் எடைக்கு ஃபோர்க் அமுங்கும் அளவு) 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். கடைசி வரை சுலபமாக அமுங்கினால் காற்றைக் கூட்டுவதைவிட உள்ளே ஒரு வால்யூம் ஸ்பேசர் (காற்றறையைச் சிறிதாக்கும் துண்டு) போடுவது நல்லது. தொடக்கம் மெத்தென்று இருக்கும், முடிவு கெட்டியாகும். ரீபவுண்டை (அமுங்கிய ஃபோர்க் திரும்ப எழும்பும் வேகத்தை) ரொம்ப மெதுவாக வைக்காதீர்கள். ஆகஸ்டில் விஸ்லரின் வளைவுகளுக்கு முன்னால் பிரேக்கால் பறிபட்ட குழிகள் வரிசையாக இருக்கும். மெதுவான ஃபோர்க் ஒரு குழியிலிருந்து எழும்புவதற்குள் அடுத்தது வந்துவிடும், நாலாவது குழியில் ஃபோர்க் அமுங்க இடமே மிச்சம் இருக்காது.

உடம்பைப் பின் சக்கரத்துக்கு மேல் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். முன் சக்கரத்தில் எடை இல்லாமல் வளைவில் வழுக்கும். இடுப்பை மடித்து நெஞ்சைத் தாழ்த்துங்கள், முகவாய் ஸ்டெம்முக்கு நேரே, குதிகால் கீழே. எடை பாதத்தில் இருக்கட்டும், கை லேசாக. பிரேக்கை இடைவிடாமல் உரசிக்கொண்டே வருவது பாதுகாப்பு மாதிரி தெரியும். பேட் வேகிறது அதனால்தான். வளைவுக்கு முன்னால் வண்டி நிமிர்ந்திருக்கும்போது அழுத்தமாகப் பிடியுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள்.

பாதை: 'ஈஸி டஸ் இட்' பச்சை (சுலபம்), அதில் இரண்டு தடவை. பிறகு நீலமான (நடுத்தரமான) 'கிராங்க் இட் அப்'. அதிலிருக்கும் மேடுகள் டேபிள்டாப், நடுவில் பள்ளம் இல்லை, உருட்டிக்கொண்டே தாண்டலாம். 'ஏ லைன்' பக்கம் இந்த வண்டியில் போகாதீர்கள். கிராஸ்கன்ட்ரி பிரேம்கள் பெரும்பாலும் ஏ.எஸ்.டி.எம். தரப்படி வகை 3. சக்கரம் எழும்பி இறங்கும் உயரம் 61 செ.மீ.க்குள் இருக்கணும் என்று பொருள். உங்கள் பிரேமில் ஸ்டிக்கரைத் தேடுங்கள். 'ஏ லைன்' தாவல்கள் அந்த எல்லைக்கு வெளியே.

என் கருத்து: இரண்டாம் நாள் 200 மி.மீ. சஸ்பென்ஷன் உள்ள டவுன்ஹில் வண்டியை வாடகைக்கு எடுங்கள், முழுமுகக் கவசம், முழங்கால் உறையோடு.

கொழும்புத்துறையான்:
கவசம் ரெண்டு நாளும் வேணும், அதில பேச்சே இல்லை. ஆனால் பச்சை, நீலத்தோட நிக்கிறவருக்கு வாடகை வண்டி கட்டாயம் இல்லை. அந்தக் காசில டயரும் றோட்டரும் வந்திடும், பிறகும் பாவிக்கலாம்.

சாய்கோணம்:
முதல் நாள் மாலை கை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யட்டும். ஹார்ட்டெயிலில் எட்டு இறக்கத்துக்குப் பிறகு விரல் லீவரைப் பிடிக்காது. கை விட்டுப்போன நிலையில் 'இன்னும் ஒரு தடவை' என்று ஏறுவதுதான் ஆபத்து.

பர்னபிவாசி:
மிக்க நன்றி. ஃபோர்க் கையேட்டில் 180 வரை சம்மதம். ஒரு சந்தேகம்: பழைய ரோட்டாரில் 'ரெசின் பேட் மட்டும்' என்று பொறித்திருக்கிறது. பின்னால் அதையே வைத்து மெட்டல் பேட் போடலாமா?

டிஸ்க்தேய்மானம்:
போடாதீர்கள். அந்தத் தகடு மென்மையானது, மெட்டல் பேட் அதைச் சீக்கிரம் அரித்துவிடும். முன்னால் வாங்கும் 180 மெட்டல் பேடுக்கு உகந்ததாக இருக்கட்டும், அங்கே மெட்டல். பின்னால் புது ரெசின் பேட் போதும், இன்னொரு ஜோடி பையில் வையுங்கள். மழை பெய்தால் அந்த மண் தேய்மானத்தில் ரெசின் ஒரே நாளில்கூட முடிந்துபோகும். இரண்டு இறக்கத்துக்கு ஒரு முறை லிஃப்ட் வரிசையில் நிற்கும்போதே பின் சக்கர ஸ்போக்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள், ஒன்று தளர்ந்திருந்தால் கை உடனே சொல்லும். ஆக்சிலையும் ஸ்டெம் போல்ட்டையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.