அப்பாவின் வெப்பநிலைக் கொப்பியில் ஒரு தாவல்: எங்கே வெட்டுவது?

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்த அப்பா, 1991 முதல் 2019 வரை காலைதோறும் உயர்வு-இழிவு வெப்பமானியைப் பார்த்துக் கொப்பியில் குறித்து வைத்தார். அனைத்தையும் எக்செல்லில் ஏற்றிவிட்டேன்.

சிக்கல்: 2006இன் நடுவில் இழிவு வெப்பநிலை திடீரென ஏறத்தாழ 0.9 பாகை செல்சியஸ் உயர்ந்து, பிறகு இறங்கவே இல்லை. புவி வெப்பமடைதல் இப்படி ஒரே தாவலில் வராது. அந்த ஆண்டு வெப்பமானிப் பெட்டியைத் தொழிற்சாலைச் சுவரோரம் மாற்றினார்களாம். மாதம் யாருக்கும் நினைவில்லை, அப்பாவும் இப்போது இல்லை.

உலகெங்குமுள்ள நிலையங்களின் வெப்பநிலைப் பதிவுகளைத் தொகுக்கும் பேர்க்லி எர்த் அமைப்பின் தரவை இறக்கி ஒப்பிட்டேன். அது நிலப்பரப்பைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே மதிப்பைத் தருகிறது. ஒரு கட்டத்தின் அகலம் அகலாங்கு, நெட்டாங்கில் ஒரு பாகை, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். இரத்தினபுரியின் புழுக்கமும் நுவரெலியாவின் குளிரும் ஒரே கட்டத்துக்குள்! அவதானிப்புகளைக் கணினி வானிலை மாதிரியோடு இணைத்து உருவாக்கிய ஐரோப்பாவின் இஆர்ஏ5 (ERA5) தரவில் கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதுவும் மலையையும் பள்ளத்தாக்கையும் சராசரியாக்கிவிடுகிறது. இரண்டிலும் 2006இல் தாவல் இல்லை. ஆகவே பிழை எங்கள் பெட்டியில்தான். உயரத்துக்கான திருத்தமும் செய்து பார்த்தேன். எதிர்பார்த்தபடியே பயனில்லை, அது தாவலைத் தொடாது.

இத்தகைய இடத்தில் பேர்க்லி எர்த் பதிவை வெட்டி, இரு தனி நிலையங்களாகக் கொள்கிறது. நானும் அப்படியே செய்ய நினைக்கிறேன். திருத்தாமல் வெளியிட்டால் சுவரின் சூட்டையும் காலநிலை மாற்றமாகக் காட்டியதாகிவிடும்.

ஒப்பிட நுவரெலியா நிலையம் ஒன்றே கையில் இருக்கும்போது, வெட்ட வேண்டிய மாதத்தை எந்த முறையால் நம்பகமாகக் கண்டுபிடிக்கலாம்?