வியாஸ்காந்துக்கு இலங்கை ரீமில ஏன் நிரந்தர இடம் இல்லை? தெரிஞ்சவை சொல்லுங்கோ

கோண்டாவில்_பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். ஒவ்வொரு தொடருக்கும் ரீம் அறிவிக்கேக்க நான் முதல்ல தேடுறது வியாஸ்காந்தின்ர பேரைத்தான். யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், லெக் ஸ்பின் போடுறவர், 2020 டிசம்பரில எல்பிஎல்ல (லங்கா பிரீமியர் லீக்) யாழ்ப்பாண ரீமுக்கு இறங்கி எடுத்த முதல் விக்கெட்டே அஞ்சலோ மத்யூஸ். 2024ல ஹசரங்க குதிக்கால் காயத்தால ஐபிஎல் போகேலாமப் போக ஹைதராபாத் இவரைக் கூப்பிட்டு, மும்பை வாங்கடேல இறக்கி விட்டது. அண்டைக்கு எங்கட ஒழுங்கையில ஒரு வீட்டிலயும் ரீவி ஓஃப் பண்ணேல்ல. அதே வருசம் ரி20 உலகக்கிண்ணத்துக்கும் கூட்டிக்கொண்டு போனவை, ஆனா மேலதிக வீரரா, பதினஞ்சு பேருக்குள்ள இல்லை. ஐபிஎல்லுக்குக் காணும் எண்டால் எங்கட நாட்டுக்கு ஏன் காணாது? தமிழர் எண்டபடியாலயோ, இல்லை வேற காரணம் இருக்கோ? சண்டை பிடிக்கக் கேக்கேல்ல, உண்மையா விளங்கத்தான் கேக்கிறன்.

இணுவில்_சுழல்:
தம்பி, அவர் நிக்கிற கியூவை ஒருக்கால் பாருங்கோ. ஹசரங்க, தீக்ஷன, வெல்லாலகே, வாண்டர்சே, எல்லாரும் ஸ்பின்னர். 2024 ஓகஸ்டில இந்தியா வந்தது ஞாபகம் இருக்கும், முதல் மட்ச்சோட ஹசரங்கவுக்குத் தொடையில பிடிச்சிட்டுது, வாண்டர்சேயைக் கொண்டு வந்தவை, மனிசன் 33 ரன்னுக்கு 6 விக்கெட், அந்தத் தொடரை 2-0 எண்டு வெண்டம், இந்தியாவோட ஒருநாள் தொடர் வெண்டு 27 வருசமாப் போயிருந்தது. அப்பிடிப் போடுற ஆளே முப்பது வயசும் தாண்டி ஆற்றையும் காயத்துக்காகக் காத்துக்கொண்டு இருந்தவர் எண்டால் வியாஸ்காந்த் காத்திருக்கிறதில அதிசயம் இல்லை. அதோட ஹசரங்கவும் வெல்லாலகேயும் பற்றும் பிடிப்பினம். ஏழாம் எட்டாம் இடத்தில நிண்டு முப்பது ரன் அடிக்கிற ஸ்பின்னர் இருக்கேக்க எந்தத் தெரிவுக்குழுவும் அவையைத்தான் எடுக்கும்.

தென்மராட்சியான்:
கியூ எண்டு சொல்லிச் சொல்லியே எங்களை இருத்தி வைக்காதேங்கோ அண்ணை. 2023 ஆசியக்கிண்ண பைனல்ல 50க்கு ஓல் அவுட், அதே வருச உலகக்கிண்ணத்தில 55க்கு ஓல் அவுட், ஒன்பதாம் இடத்தில வந்து 2025 சம்பியன்ஸ் ட்ரொபிக்கே போகேலாமப் போச்சு, பிறகு 2024ல நியூயோர்க்கில தென்னாபிரிக்காவோட 77. இவ்வளவு விழுந்த ரீமில திரும்பத் திரும்ப அதே பேருகள். புதுப் பெடியனுக்கு ஒரு தொடர் முழுக்க, ஒரு மட்ச் இல்லை முழுத் தொடர், குடுத்துப் பாத்தால்தானே தெரியும். சந்தேகம் வாறதுக்கும் எங்கள்ல பிழை இல்லை, எத்தினை வருசம் யுத்தத்துக்க கிடந்து எங்கட பெடியள் கொழும்புப் பக்கமே போகேலாம இருந்தவங்கள்.

மானிப்பாய்_அக்கா:
நீங்கள் எல்லாரும் ரீம் எடுக்கிற மேசையைப் பற்றிக் கதைக்கிறியள், எங்கட பிள்ளையள் அந்த மேசைக்குப் போய்ச் சேருறதே இல்லை. என்ர மகன் லெக் ஸ்பின் போடுறவன். ஸ்கூல் ரீமில நல்லாச் செய்தவன், பிறகு என்ன எண்டு கேட்டால் ஒருத்தரிட்டயும் பதில் இல்லை. கொழும்பில ஒரு கிளப்புக்குப் போ எண்டினம். போறதெண்டால் அங்க தங்க இடம் வேணும், சாப்பாட்டுக்குக் காசு வேணும், ஏஎல் படிப்பை என்ன செய்யிறது, சிங்களம் தெரியாத பிள்ளை நெற்ஸில கோச் சொல்லுறதை எப்பிடி விளங்கிக்கொள்ளும். இதையெல்லாம் தாண்டிப் போன பிள்ளை வியாஸ்காந்த். அவரை எடுக்கேல்ல எண்டு கோபப்படுறம், சரி, அவரோட விளையாடின மற்றப் பெடியள் இப்ப எங்க எண்டு ஏன் ஒருத்தரும் கேக்கிறேல்ல?

நல்லூர்_கோச்:
அக்கா சொன்னதுதான் அடி. பெடியளுக்குப் பழக்கிற ஆள் நான், கொஞ்சம் விபரமாச் சொல்லுறன். எங்கட பெடியள் கனபேர் மற்றிங்கில, அதாவது பாய் விரிச்ச பிட்ச்சில, விளையாடித்தான் வளருறவங்கள். மற்றிங்கில பந்து நல்லாத் திரும்பும், நெஞ்சு மட்டுக்கு எழும்பும், எதிர்ப் பெடியன் மேல தூக்கி அடிச்சுக் கைக்குள்ள குடுத்திட்டுப் போவான். அதே பந்தை டேர்ஃப்ல, அதாவது புல்லும் மண்ணுமான பிட்ச்சில, போட்டால் பதிஞ்சு மெதுவா வரும், பற்றிங் செய்யிறவன் பின்னங்காலுக்குப் போய் ஆறுதலா வெட்டுவான். லெக் ஸ்பின்னர் வேகத்தைக் கூட்டி ஸ்டம்ப்புக்கு நேர போடப் பழக வேணும், அதுக்கு டேர்ஃப்ல மாசக்கணக்கா மட்ச் வேணும். பாஸ்ட் போலருக்கும் இதே கதைதான், லெங்த் மாறீடும். 1904ல தொடங்கின வடக்கின் பெரும் போர், அதுதான் யாழ் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் மோதுறது, அது மாதிரி மட்ச் வருசத்தில ஒண்டு, மூண்டு நாள், சனம் நிறைஞ்சு வழியும். அது முடியப் பெடியன் என்ன செய்யிறது? கொழும்புப் பெடியன் பள்ளிக்கூடம் விட்ட கையோட கிளப்பில மூண்டு நாள் மட்ச் விளையாடுவான். முரளியும் கண்டியில பிறந்து வளந்தவர்தான், 800 விக்கெட் எடுத்த அந்தக் கைக்கும் கொழும்பில தமிழ் யூனியன் எண்டு ஒரு கிளப் இருந்தது.

தேசிய சூப்பர் லீக் எண்ட உள்ளூர்ப் போட்டியிலயும் அஞ்சு ரீமில ஒண்டுக்கு யாழ்ப்பாணம் எண்டுதான் பேர், விளையாடுறது பெரும்பாலும் தெற்குப் பெடியள். நான் அவங்களோட கோபப்படேல்ல, கிளப் கிரிக்கெட் ஆடினவனைத்தானே எடுப்பினம். இனவாதமே இல்லையெண்டும் சொல்ல மாட்டன், 1973ஆம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி ரீமுக்கு அமைச்சரின்ர அனுமதியும் வேணும், அரசியல் புகுறதுக்கு அதில வாசல் இருக்கு. ஆனா வியாஸ்காந்த் விசயத்தில எனக்குத் தெரிஞ்ச அளவில இணுவிலார் சொன்ன கியூதான் காரணம். கியூவுக்க ஒருத்தர்தான் எங்கட ஆள், அதுதான் கவலை. பத்துப் பேர் நிண்டால் ரெண்டு பேர் உள்ள போவினம்.

கோண்டாவில்_பெடியன்:
நன்றி அண்ணை, நன்றி அக்கா. சென் ஜோன்ஸ் மாதுளன் மாலிங்க மாதிரி கையைச் சுத்திப் போட்டு 19 வயசுக்குட்பட்ட ரீமுக்குப் போகேக்க எவ்வளவு சந்தோசப்பட்டம், அவருக்கும் இதே பிரச்சினை வரக்கூடாது. மண்டைதீவில 2025 செப்டெம்பர் 1 ஜனாதிபதி வந்து சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினவரே, அது முடிஞ்சால் மாறுமோ?

நல்லூர்_கோச்:
அங்க என்ன மட்ச் வைக்கினம் எண்டதைப் பொறுத்தது தம்பி. வருசத்துக்கு ரெண்டு எல்பிஎல் மட்ச்சும் ஒரு ஒருநாள் மட்ச்சும் எண்டால் நாங்கள் டிக்கெட் வாங்கிப் பாத்திட்டு வரலாம், பெடியனுக்கு ஒண்டும் இல்லை. பெரிய மைதானத்துக்குப் பக்கத்தில பயிற்சிக்கு நாலு டேர்ஃப் பிட்ச் போட்டு, வடக்குக்கு எண்டு ஒரு ரீமை மேஜர் லீக் எண்ட கிளப் போட்டிக்குள்ள எடுத்து, கொழும்புக் கிளப்புகளை இஞ்ச வந்து விளையாட வைக்க வேணும். இதை இப்பவே கேக்க வேணும், கட்டி முடிஞ்சாப் பிறகு கேட்டால் இடம் இல்லை எண்டுதான் சொல்லுவினம். அக்கா, மகனை ஞாயிறு காலமை அனுப்பி விடுங்கோ, போலிங்கை ஒருக்கால் பாப்பம்.