கொமான்சியின் பின்புறத்தைத் தூக்க எந்த ஸ்பிரிங் சீட்: நீளமானதா, குட்டையானதா?

பாறைவழி எழுதியது:

என்னிடம் 1989 ஜீப் கொமான்சி பிக்கப் இருக்கிறது. 4.0 லிட்டர் இன்ஜின், நான்கு சக்கர இயக்கம், பின் ஆக்சில் டானா 35. இருப்பது அரிசோனாவில். ஓட்டம் பெரும்பாலும் வறண்ட ஓடைப் படுகைகளிலும் கல் நிறைந்த மலைத்தடங்களிலும். 33 அங்குல டயர் போட வேண்டும்.

கொமான்சியில் பின் லீஃப் ஸ்பிரிங் (தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) ஆக்சிலுக்கு அடியில் தொங்குகிறது. இதன் உடன்பிறப்பான செரோக்கியில் அது ஆக்சிலுக்கு மேலே இருக்கும். அதுபோல ஸ்பிரிங்கை மேலே ஏற்றினால் பின்புறம் ஏறத்தாழ ஐந்தரை அங்குலம் உயரும் என்பது கணக்கு. அதற்கு ஆக்சில் குழாயின் மேல்பக்கத்தில் ஸ்பிரிங் உட்காரப் புதிய சீட் பற்றவைக்க வேண்டும். கடையில் குட்டை, நீளம் என இரண்டு வகை கிடைக்கின்றன. எதை வாங்குவது? பக்கத்து வீட்டு நண்பரோ, "வெல்டிங்கே வேண்டாம், இருக்கிற இடத்திலேயே ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் பிளாக் வைத்துத் தூக்கிவிடு" என்கிறார். அது சரியா?

இரும்புத்தடம் எழுதியது:

பிளாக் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் வண்டியில்தான் பிளாக் வண்டியைத் தூக்கும். உங்கள் வண்டியில் ஸ்பிரிங் கீழே இருக்கிறது. இடையில் பிளாக் வைத்தால் ஸ்பிரிங் தரையை நோக்கி இறங்கும், அதோடு வண்டியும் இறங்கும். கொமான்சியைத் தாழ்த்த விரும்புகிறவர்கள் செய்கிற வேலை அது.

ஸ்பிரிங்கை மேலே ஏற்றுவதே சரியான வழி. சீட் நீளமானதை வாங்குங்கள்.

மெல்லநட எழுதியது:

எந்தச் சீட் என்று கேட்பதற்கு முன், சீட்டை மாற்றத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லையே!

பாறைவழி, ஸ்பிரிங்கை மேலே ஏற்றினால் பின்புறம் ஐந்தரை அங்குலம் உயர்ந்துவிடும். அப்புறம் முன்புறத்தையும் அதே அளவுக்குத் தூக்கியாக வேண்டும். முன்னால் காயில் ஸ்பிரிங். ஆக்சிலைப் பிடித்திருப்பது குட்டையான கண்ட்ரோல் ஆர்ம்கள். அவ்வளவு உயரத்தில் அவை செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் அடி நேராக உடலில் இறங்கும். புதிய ஆர்ம், நீளம் மாற்றக்கூடிய டிராக் பார், நீளமான பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் அடியிலேயே இருக்கட்டும். வளைவு அதிகமுள்ள ஸ்பிரிங் கட்டு போட்டு மூன்று அங்குலம் தூக்குங்கள், 31 அங்குல டயர் போடுங்கள். நீங்கள் சொல்லும் ஓடைப் படுகைக்கு அது தாராளம்.

இன்னொன்று, ஆக்சில் முறுக்கம். முடுக்கும்போது சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது, தரை ஆக்சிலை முன்னால் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை ஸ்பிரிங் தாங்குகிறது. தரைக்கும் ஸ்பிரிங்குக்கும் உள்ள உயரம்தான் நெம்புகோலின் நீளம். 33 அங்குல டயரில் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 16 அங்குலம். ஸ்பிரிங் அதற்கு மூன்று அங்குலம் கீழே இருந்தால் நெம்புகோல் 13. மூன்று அங்குலம் மேலே இருந்தால் 19. அதே ஸ்பிரிங்கின்மேல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு முறுக்கம்! ஸ்பிரிங் எஸ் வடிவில் நெளியும், பினியன் மூக்கு (இன்ஜின் விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆக்சிலில் சேரும் முனை) மேலே எழும், அங்கே ஷாஃப்ட்டை இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் உடையும். மலையேற்றத்தின் நடுவில்தான் அது உடையும்.

இரும்புத்தடம் எழுதியது:

கணக்கு சரி. முடிவுதான் சரியில்லை.

அடியில் தொங்கும் ஸ்பிரிங்கையும் அதன் அடித்தகட்டையும் அதை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் முனைகளையும் எத்தனை வண்டியில் கல் சீவி எடுத்திருக்கிறது என்று பார்த்திருக்கிறேன். கொமான்சியில் ஆக்சில் குழாயைவிடத் தாழ்வாக இருப்பது அந்த ஸ்பிரிங் கட்டுதான். மூன்று அங்குலம் தூக்கினாலும் அது அதே இடத்தில்தான் தொங்கும், ஏனென்றால் அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயர் மட்டுமே. மேலே ஏற்றினால் குழாய்க்கு அடியில் கல்லில் மாட்ட எதுவும் இருக்காது. யூ போல்ட்டையும் தலைகீழாக்கலாம்: குழாயைக் கீழிருந்து சுற்றி வந்து, தகடும் நட்டும் ஸ்பிரிங்கின் மேலே அமரட்டும். உடல் எவ்வளவு உயர்ந்தது என்பதைவிட இந்த இடைவெளிதான் கல் தடத்தில் வண்டியைக் காப்பாற்றும்.

முறுக்கத்துக்குப் பதில்தான் நீள சீட். முடுக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும், அப்போது சீட்டின் முன்விளிம்பு ஸ்பிரிங்கை மேல்நோக்கி அழுத்தும். குட்டை சீட்டில் அந்த அழுத்தம் யூ போல்ட்டுக்கு ஒட்டியே விழும். சீட் முன்னால் நீண்டிருந்தால் அழுத்தம் பரவும், ஸ்பிரிங் நெளியும் இடம் தள்ளிப்போகும்.

தகடுபிரியன் எழுதியது:

இங்கே நான் இருவருக்கும் எதிர்ப்பக்கம். ஸ்பிரிங்கை மேலே ஏற்றுவது சரி. ஆனால் நீள சீட்டை ஏதோ மருந்துபோல எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பது சரியில்லை.

லீஃப் ஸ்பிரிங் வளைவது அதன் முழு நீளத்தால். நடுவில் எவ்வளவு தூரம் இறுகப் பிடிக்கிறீர்களோ, அவ்வளவு நீளம் வேலை செய்யாமல் போகிறது. பாரம் ஏற்றும் பின்தொட்டி காலியாக ஓடும் பிக்கப்பில் பின்புறம் ஏற்கெனவே எடையில்லாமல் துள்ளும். அதில் ஸ்பிரிங்கை இன்னும் விறைப்பாக்கினால் ஒரு சக்கரம் பாறையில் ஏறும்போது மறுசக்கரம் தரையை விட்டு எழுந்துவிடும். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை கற்றவன் நான். பாரம் ஏற்றும் வண்டிக்கு நீளப் பிடிமானம் வேண்டும், நியாயம். கல்லில் ஊர்ந்து போகிற வண்டிக்கு ஸ்பிரிங் வளைந்து கொடுக்க வேண்டும். முறுக்கத்தைத் தடுப்பது தனிவேலை. அதற்கு ஆக்சிலிலிருந்து சட்டத்துக்கு ஒரு டார்க் ஆர்ம் போடுங்கள், சட்டத்தின் முனையில் ஷாக்கிள் (ஆடும் இணைப்பு) வைத்து அது தடையில்லாமல் ஆட வழிவிடுங்கள்.

இரும்புத்தடம் எழுதியது:

தகடுபிரியன் அண்ணா, பிடிமானத்தின் நீளம் சீட்டின் நீளம் அல்லவே. பிடிப்பது யூ போல்ட். யூ போல்ட்டின் இரு கால்களுக்கும் இடையே உள்ள தூரம் குழாயின் தடிமனைப் பொறுத்தது, சீட் நீண்டாலும் அது மாறாது. சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் தன் வளைவுக்குத் திரும்புகிறது, யூ போல்ட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் சீட் அதைத் தடுக்காது.

தகடுபிரியன் எழுதியது:

தொங்கும்போது தடுக்காது, ஒப்புக்கொள்கிறேன். பாரத்தில் ஸ்பிரிங் தட்டையாகும்போது? அப்போது தகடு சீட்டின் விளிம்பில் வந்து படும். விளிம்பு கூர்மையாக இருந்தால் முதன்மைத் தகடு அங்கேயே கீறல் விட்டு ஒடியும். நீளமாக வாங்கினால் முனைகளைக் கீழ்நோக்கி உருட்டி வளைத்த சீட்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பை அப்படியே விட்டு விற்கும் சீட்டுகள் சந்தையில் நிறைய உண்டு.

பாறைவழி எழுதியது:

நீளத்தைப் பற்றி இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. நன்றி. பின்னால் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 ஆக்சில் மாட்டும் எண்ணமும் இருக்கிறது. இப்போது வாங்கும் சீட் அதற்கும் பொருந்துமா? சீட்டை எந்தக் கோணத்தில் பற்றவைப்பது?

இரும்புத்தடம் எழுதியது:

பொருந்தாது. 8.8-இன் குழாய் 3.25 அங்குல விட்டம், டானா 35 அதைவிட மெலிந்தது. சீட்டின் அடிவளைவு குழாயோடு முழுக்கப் படிய வேண்டும். பெரிய வளைவைச் சிறிய குழாயில் வைத்து இடைவெளியை வெல்டிங்கால் நிரப்பினால், அத்தனை பாரமும் அந்த நிரப்பலின்மேல்தான். ஆக்சிலை மாற்றுவது உறுதி என்றால் டானா 35-க்குச் சீட்டே வாங்காதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் 1995 முதல் 2001 வரை வந்த ஆக்சிலாகத் தேடுங்கள், டிஸ்க் பிரேக்கும் அதோடு வரும். குழாய்கள் நடுவிலுள்ள வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் செருகியவைதான். சேருமிடத்தை வார்ப்பிரும்பு வேலை தெரிந்தவரிடம் கொடுத்துப் பற்றவையுங்கள்.

சீட்டின் உயரத்தையும் பாருங்கள். குழாயின் தடிமன், ஸ்பிரிங் கட்டின் தடிமன், பழைய கீழ்ச்சீட்டின் உயரம், புதிய மேல்சீட்டின் உயரம், இந்த நான்கும் சேர்ந்ததுதான் வண்டி எழும் அளவு. அரை அங்குலம் உயரமான சீட்டை அறியாமல் வாங்கினால் முன்புறத்துக்கு நீங்கள் வாங்கிய காயில் பொருந்தாமல் போகும்.

கோணத்தைத் தாளில் கணக்குப் போட்டுப் பற்றவைக்காதீர்கள். சீட்டைக் குழாயில் தளர்வாக வைத்து, யூ போல்ட்டை லேசாக இறுக்கி, வண்டியின் முழு எடையும் டயரில் நிற்கும்படி இறக்குங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் ஒற்றை ஜாயின்ட் என்றால் பினியன், டிரான்ஸ்ஃபர் கேஸின் (விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளிமுனைக்கு இணையாக நிற்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜாயின்ட் ஷாஃப்ட் போட்டிருந்தால் பினியன் நேராக அதை நோக்க வேண்டும். இரண்டிலும் ஒன்று அல்லது இரண்டு டிகிரி கீழே விடுங்கள், முடுக்கும்போது அது எழுந்து சரியாகிவிடும். பிறகு சீட்டில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்துவிட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி ஆக்சிலை வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே பற்றவைத்தால் சூட்டில் தகட்டின் பதம் போய்விடும். ஒரே ஓட்டமாகவும் வேண்டாம்: சிறுசிறு துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி, ஆறவிட்டு. குழாய் வளைந்தால் பேரிங்கும் ஆயில் சீலும் போகும்.

தகடுபிரியன் எழுதியது:

இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒன்று சேர்க்கிறேன். சீட்டின் துளையும், ஸ்பிரிங் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் தலையும் ஆட்டமில்லாமல் பொருந்த வேண்டும். துளை பெரிதாக இருந்தால் ஆக்சில் ஒருபக்கம் நகர்ந்து வண்டி கோணலாக ஓடும். சில நாள் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். கோணத்தைச் சரிசெய்ய அலுமினிய ஆப்பு விற்பார்கள், அதை வாங்காதீர்கள். நசுங்கி உடையும், உடைந்ததும் யூ போல்ட் தளரும். சீட்டைச் சரியான கோணத்தில் பற்றவைத்தால் ஆப்பே தேவையில்லை.

மெல்லநட எழுதியது:

ஐந்தரை அங்குலம் வேண்டாம் என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் பாறைவழி முடிவெடுத்துவிட்டதுபோல் தெரிகிறது. அப்படியென்றால் இங்கே யாரும் சொல்லாமல் விட்ட ஒன்றைக் கேளுங்கள். கொமான்சியில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு பிரேக் வால்வில் மாட்டியிருக்கும். தொட்டியில் பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தம் கூட்டுவதும், காலியாக உயர்ந்து நின்றால் குறைப்பதும் அதன் வேலை. நீங்கள் ஐந்தரை அங்குலம் தூக்கியதும் அந்த வால்வு வண்டி எப்போதும் காலி என்றே எண்ணும். பின் பிரேக் பெயருக்கு மட்டும் பிடிக்கும். பெரிய டயரோடு மலையிறக்கத்தில் அது உயிருக்கு ஆபத்து. வண்டியை எவ்வளவு உயர்த்துகிறீர்களோ அவ்வளவுக்குக் கம்பியின் பிடிப்பையும் நீட்டுங்கள், அல்லது கையால் சரிசெய்யும் வால்வு போடுங்கள். அதை முடிக்காமல் சாலையில் ஏற்றாதீர்கள்.

பாறைவழி எழுதியது:

வால்வுக் கம்பி எனக்குத் தெரியாது, மிக்க நன்றி. இப்போதைக்கு டானா 35-ஐ வெட்டப் போவதில்லை. 8.8 கிடைத்ததும் 3.25 அங்குல வளைவில், முனை உருட்டிய நீள சீட் வாங்கி, ஆக்சில் வெளியே இருக்கும்போதே வெல்டிங்கை முடிக்கிறேன். டார்க் ஆர்ம் போடும் வரை முறுக்கத்தைத் தாங்க ஏதாவது வேண்டும், அதனால்தான் நீளம். தகடுபிரியன் அண்ணா, டார்க் ஆர்மின் சட்ட முனையை எந்த இடத்தில் வைப்பது என்று அளவோடு எழுதுவீர்களா?

தகடுபிரியன் எழுதியது:

பக்கவாட்டில் பார்த்தால் அதன் முன்முனை புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் முன் ஜாயின்ட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறதோ அவ்வளவு நல்லது. ஆக்சில் ஏறி இறங்கும்போது ஆர்மும் ஷாஃப்ட்டும் ஒரே வட்டத்தில் ஆடும், பினியன் கோணம் கெடாது. அளவு உங்கள் வண்டியில் எடுத்ததாக இருக்கட்டும். ஆக்சிலை மாட்டியதும் படம் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.