பாடாங் செராயில் புதிய வேலை: கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை

கோவைக்காரன்:
வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பாடாங் செராய்க்கு வந்திருக்கிறேன். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்குக் கைப்பேசிச் செயலி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் புராடக்ட் மேனேஜராகச் சேர்ந்துள்ளேன். வெட்டிய பழக்குலைகளின் எண்ணிக்கையையும் தரத்தையும் மண்டோர்கள் (தோட்ட மேற்பார்வையாளர்கள்) அந்தச் செயலியில் பதிய வேண்டும். கூட்டத்தில் யோசனை கேட்டால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் எதுவுமே நகர்ந்திருப்பதில்லை. தகுதிகாண் காலம் முடியும் தறுவாயில், நாளை மறுநாள் மேலாளர் என்னை அழைத்திருக்கிறார். மனைவியும் குழந்தையும் அடுத்த மாதம் வருவதாக இருக்கிறார்கள். இந்தக் குழுவை எப்படிப் பேச வைப்பது?

கூலிம்வாசி:
தம்பி, முதலில் உங்கள் வேலை அனுமதிப் பாஸைக் கவனியுங்கள். அது இந்த நிறுவனத்தின் பெயரில் வழங்கப்பட்டது. வேறு இடத்துக்கு மாறினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். ஓர் ஆண்டில் 182 நாளாவது இங்கே தங்கியிருந்தால்தான் பொதுவாக உள்நாட்டவருக்குரிய வரி விகிதம் கிடைக்கும். இல்லையென்றால் சம்பளத்தில் 30 விழுக்காடு போய்விடும். பணி உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை குடும்பத்துக்கு விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

ஷா ஆலம் அக்கா:
நான் வந்த புதிதில் பேருந்து வசதியில்லாத இடத்தில் வீடு பார்த்துவிட்டு, மழையில் நனைந்தபடி அலுவலகம் போய், யாரிடமும் எதையும் கேட்கத் தெரியாமல் தவித்தேன். எனக்குக் கை கொடுத்தது கண்டிப்புதான். தினமும் காலையில் 15 நிமிடக் கூட்டம் வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேராக ஒருவர் பெயரை எழுதுங்கள். முடியாததை எல்லார் முன்னிலையிலும் கேளுங்கள். பொறுப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும்.

பினாங்குக்காரர்:
அக்கா சொல்வதை நான் ஏற்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் கேட்டால் கிடைப்பது "முடிந்துவிட்டது" என்ற பதில் மட்டுமே. 1990களில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் நேரும் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கிய குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம் என்று தெரிய வந்தபோது, அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் பிழையை அஞ்சாமல் சொன்னதே காரணமாக இருக்கலாம் என்று அவர் விளக்கினார். உங்கள் குழுவில் கெட்ட செய்தியைக் கடைசியாகச் சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்று விசாரியுங்கள்.

ஈப்போ நண்பன்:
இங்கே புராடக்ட் மேனேஜர் என்று பெயர் வைத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) வேலை வாங்குகிறார்கள். முதலாளி ஒரு கண்காட்சியில் எதையோ பார்த்துவிட்டு வருவார். மறுநாள் அதுவும் செயலியில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து வருபவனுக்குச் சம்பளம் வெள்ளியில் (ரிங்கிட்டில்) என்பதைத் தவிர வேறென்ன மாற்றம்?

ஷா ஆலம் அக்கா:
அந்த வெள்ளியும் வாடகைக்கும் கார்க் கடனுக்கும் போய்விடுகிறது. அதைத் தனியாகப் பேசலாம்.

தோட்டத்துப் பிள்ளை:
தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம். நான் இந்த வட்டாரத்தில் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். மூன்று விவரங்களை நீங்கள் எழுதவில்லை. நிரல் எழுதுபவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கூட்டத்தில் மேலாளர் உட்காருகிறாரா? செயலியைக் காட்டில், அதாவது தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே, பயன்படுத்துவதை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா?

கோவைக்காரன்:
நிரலாளர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இங்கே களப்பணியாளர்கள் மட்டும்தான். மேலாளர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். ஆண்டு மதிப்பீடும் அவர்தான் போடுகிறார். காட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. எங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. சென்னையில் வெள்ளிக்கிழமை மாலை புதிய பதிப்பை வெளியிடுகிறார்கள்.

தோட்டத்துப் பிள்ளை:
அப்படியென்றால் பாதி விடை உங்கள் கையிலேயே இருக்கிறது. வெள்ளி மாலை வெளியான பதிப்பில் கோளாறு இருந்தால் அது ஞாயிறு காலைப் பெரட்டில்தான், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்தான், தெரியும்; அப்போது சென்னையில் யாரும் இருக்கமாட்டார்கள், மண்டோர் செயலியை மூடிவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். இரு ஊருக்கும் பொதுவான வேலை நாள்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான் என்பதால், வெளியீட்டைத் திங்களுக்கு மாற்றச் சொல்லுங்கள். நாளைக் காலையே பெரட்டுக்குப் போய், ஒரு மண்டோருடன் குலை எண்ணும் இடம்வரை நடந்து பாருங்கள். கையுறை போட்ட விரலுக்குத் திரை அசையாது, மழைத்துளி பட்டால் அதுவாகவே அசையும், மரங்களுக்கு நடுவே இணைப்பு விட்டு விட்டு வரும். உதிர்ந்த பழத்தைப் பார்த்துக் குலை பழுத்ததா என்று கண்ணாலேயே சொல்லிவிடும் மனிதரிடம், குலைக்கு ஒரு படம் எடுங்கள் என்று செயலி கேட்டால் அவர் அதை மாலையில் வீட்டில் உட்கார்ந்து தோராயமாகத்தான் நிரப்புவார். களப்பணியாளர்களுக்கு இவ்வளவும் தெரியும். மதிப்பீடு போடுபவர் எதிரில் அதை யார் சொல்வார்கள்?

மேலாளரிடம் குழுவைக் குறை சொல்லாதீர்கள். காட்டில் பார்த்த இரண்டு தடைகளையும், திங்கள் வெளியீட்டையும், அவர் இல்லாமல் வாரம் ஒருமுறை அரை மணி நேரக் கூட்டம் என்பதையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கூட்டத்தில் யார் சொன்னது என்ற பெயர் வெளியே போகாது என்பதற்கு அவரிடமே ஒப்புதல் வாங்குங்கள். முதலில் வரும் குறையை அடுத்த திங்களுக்குள் சரிசெய்து, சொன்னவரிடமே காட்டுங்கள். அக்கா சொன்ன பெயர்ப்பட்டியலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பெரட்டு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். கிராணியிடம் இன்றே அனுமதி கேட்டு வையுங்கள், காலணி உயரமானதாக இருக்கட்டும்.